மாக் ஹோய்லாம் சிற்றுந்தை நிறுத்திய படலம்

ஹாங்காங் மாநகரத்து ரயில் நிலைய வாயிலில், குன்றேறும் சிற்றுந்துக்காக வரிசையில் நின்று தவம் புரியும் மாந்தர்குலத் திலகமே, பக்கத்தில் நிற்பவர் செவிக்கும் எட்டாத மென்மொழி வேந்தே, மாக் ஹோய்லாமே, நின் புகழ் பாடப் புகுந்தோம், பொறுத்தருள்க.

அன்று அந்தியில், பயணிகளின் திருப்தியை அளந்தறிய வண்டிக் கம்பெனியார் விடுத்த நங்கையொருத்தி வரிசையினூடே வந்தாள். இறங்குமிடத்தில் அழுத்த ஒரு மணிகூட இல்லையே, வாய்விட்டுக் கத்தினாலன்றி ஓட்டுநர் நிறுத்துவதில்லையே, நேற்றும் உச்சிவரை போய்த் திரும்ப நடந்தேனே என்று நம் வீரன் நெஞ்சுருக முறையிட்டான். அவளுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முழுத் திருப்தி என்று குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டாள், மகராசி.

வண்டி ஏறுமுன் அவன் வீட்டுக்குப் போன் செய்திருந்தான். அவன் குரல் கேட்ட பிறகே மனைவி சுட்யிங் மீனை ஆவியில் வைப்பாள். வைத்த மீனோ எவருக்காகவும் காத்திராது. விருந்துக்கு மாமியார் வேறு வந்திருந்தார்.

"மீன வச்சிட்டேன். இன்னைக்காவது வாயத் தொறந்து கத்துங்க. அம்மா முன்னாடி என் மானத்த வாங்காதீங்க" என்றாள் சுட்யிங்.

கடைசி இருக்கையில் அமர்ந்து, மலைப்பாதை வளைவுகளில் அலைகடல் தோணியென ஆடியாடிச் சென்ற அவ்வண்டியில், கைப்பேசியில் ஆழ்ந்த கன்னியரும் உறக்கத்தில் ஆழ்ந்த காளையரும் சூழ்ந்திருந்த பேரமைதியைக் கிழித்தெறிய வேண்டிய கொடுங்கடமை தன் ஒரு தொண்டையின்மேல் விழுந்ததை எண்ணியெண்ணி, வேறெவனேனும் அங்கேயே இறங்கமாட்டானா என்று ஒவ்வொரு முகமாய் நோக்கி, எவனும் அசையாதது கண்டு, எச்சில் விழுங்கி, முதுகு நிமிர்த்தி, கண்களை இறுக மூடி, பரம்பரையில் எவரும் எழுப்பாத பெருங்குரலை அவன் எழுப்பினான். கண்ணை மூடினால்தான் அவனுக்குச் சத்தமே வரும்.

"முன்னால இறங்கணும்!"

துயின்றோர் விழித்தனர். பக்கத்து அம்மாள் கீரைப்பையை நழுவவிட்டாள். ஓட்டுநர் பாங், கேட்டதற்கு அடையாளமாகக் கையை உயர்த்தினார்.

"ஏண்ணே, நான் என்ன அடுத்த தீவுலயா உக்காந்திருக்கேன்?" என்றார்.

வண்டி முழுதும் சிரித்தது. வென்றான் மாக் ஹோய்லாம்! நாணமும் பெருமிதமும் ஒருங்கே முகஞ்சிவக்கச் செய்ய, கண் திறந்தான், கதவும் திறந்தது. வெளியே தெரிந்தது மருந்துக்கடை. அவன் வீடோ அதற்கு அடுத்த நிறுத்தம், மேலும் ஒரு செங்குத்தான ஏற்றம்.

இங்கில்லை, அடுத்தது என்று சொல்ல இன்னொருமுறை வாய் திறக்க வேண்டும். இருந்த குரலையெல்லாம் ஒரே வீச்சில் செலவழித்துவிட்ட அப்பெருமகன், அத்தனை பேரும் பார்த்திருக்க, அதுவே தன் இல்லம் என்பதுபோல் தலைநிமிர்ந்து இறங்கி, ஓட்டுநருக்கு நன்றியும் நவின்று, வண்டி வளைவில் மறையும்வரை கம்பீரமாக நின்றான்.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மீன் ஆறிப்போயிருந்தது.