சார்ட்டு சாரின் முந்நூற்றுப் பன்னிரண்டு

புத்தகம் படிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புத்தகங்களைக் காக்க வைப்பதையே முழுநேர வாழ்க்கையாக நடத்தியவர், முடிச்சூர் பக்கம் எங்கள் தெருவில் இருந்த சார்ட்டு சார் ஒருவர்தான். அவர் படிக்க வேண்டிய புத்தகங்களை வரிசையில் நிறுத்தினால் தலை தாம்பரம் ஸ்டேஷனில் இருக்கும், வால் காட்டாங்குளத்தூரைத் தாண்டி ஏதோ ஓர் ஏரிக்கரையில் கிடக்கும். நடுவில் வண்டலூரில் ஒரு கிழச்சிங்கம் அந்த வரிசையைப் பார்த்துக் கொட்டாவி விடும்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். ரயில்வே முன்பதிவு கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கவுண்டர் கண்ணாடியின் அரைவட்டத் துளை வழியாகவே உலகத்தைப் பார்த்துப் பழகிய கண்கள். வீட்டுக் கதவைத் தட்டினால் முகத்தை மட்டும் நீட்டி, ஃபார்ம் எழுதிக்கொண்டு வந்தீர்களா என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. டீக்கடையிலோ மின்சார ரயிலிலோ யாராவது ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால் போதும், நோட்டு திறந்துவிடும். புத்தகத்தின் பெயர், சொன்னவர் பெயர், காத்திருப்பு எண். எண் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் எல்லாம் பென்சிலில். படித்து முடித்தவை நோட்டின் பின்பக்கத்துக்குப் போகும், நீல மையில். அவை வண்டி ஏறிவிட்டவை. பாதி படித்து மேஜையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும் இரண்டு புத்தகங்கள் ஆர்.ஏ.சி., ஒரே இருக்கையில் இரண்டு பேர். மூன்று நாளில் திருப்பித் தர வேண்டிய இரவல் என்றால் தட்கல். மிகப் பழைய புத்தகங்களுக்கு மூத்த குடிமக்கள் ஒதுக்கீடு. அவற்றுக்கு அலமாரியில் எப்போதும் கீழ்த்தட்டுதான். இந்த வயதில் மேலே ஏற முடியாதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சார்ட் தயாராகும். ஒரு புத்தகத்துக்கு இடம் உறுதியாகும். அந்த வாரத்துக்குள் ஏழெட்டு புதிதாக வந்து வரிசையில் நின்றிருக்கும். அவர் மனைவி கணக்கு டீச்சர், தெருவுக்கே அக்கா. ஒருநாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னார்:

"இதே ஸ்பீடுல போனா இவரு நூத்தி நாப்பது வயசு இருந்தாலும் முடியாது தம்பி. அதுவரைக்கும் காபி போடப் போறது யாரு?"

கொஞ்சத்தைக் கேன்சல் செய்துவிடலாமே என்றேன். சார்ட்டு சார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் பேர் சொல்லி அனுப்பியிருக்காரு சார். புக்கைக் கேன்சல் பண்ணா அந்த ஆளைக் கேன்சல் பண்ண மாதிரி. நான் மாட்டேன்."

இந்த ஆளிடம்தான் நான் என் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உரைநடைக் கவிதைகள், ஒல்லியான தொகுப்பு. எடைக்குப் போட்டால் எடைக்கல்லே சிரிக்கும். வெளிவந்து ஒரு வருஷமாகியும் படித்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் அட்டை நன்றாக இருக்கிறது என்றார்கள். எங்கள் தெருவில் ஒருவராவது அதைப் படித்துவிட வேண்டும் என்பது நாற்பத்தேழு வயதில் எனக்கு வந்த வெட்கங்கெட்ட ஆசை. சார்ட்டு சார் புத்தகத்தை உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"லக்கேஜே இல்லாத பாசஞ்சர்" என்றார். நோட்டில் எழுதினார். "முந்நூத்திப் பன்னண்டு."

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பத்து மணிக்கு அந்த வாசலில் நின்றேன். "சார், நம்மது?" விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் திருப்புவார். முந்நூற்று நாலு என்பார் ஒரு வாரம். நெஞ்சு குளிரும். அடுத்த வாரம் முந்நூற்றுப் பதினேழு. வரிசை பின்னால்கூடப் போகுமா என்று கேட்டால், அக்கா ஊரிலிருந்து வந்த பெண்கள் சிலர் புத்தகப் பெயர் சொன்னார்கள், லேடீஸ் கோட்டா என்பார். அவசர ஒதுக்கீட்டுக்காக நான் அக்காவைப் பிடித்தேன். அக்கா பாவம், காபி டம்ளருக்கு அடியில் என் புத்தகத்தை வைத்து நீட்டினார். காபி உள்ளே போயிற்று. புத்தகம், டம்ளர் வட்டத்தோடு, அலமாரிக்குத் திரும்பிற்று.

மதியத் தூக்கத்தில் எனக்கு ஒரே கனவு வர ஆரம்பித்தது. தாம்பரத்தில் ஏழாவது நடைமேடையோ எட்டாவதோ, ஆளே இல்லை. வேப்பம்பூ நிறத்தில் வெயில். என் புத்தகம் ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருக்கிறது. வண்டிகள் வருகின்றன, ஒவ்வொரு ஜன்னலிலும் தடித்தடியாகப் புத்தகங்கள் முழங்கை ஊன்றி உட்கார்ந்திருக்கின்றன, எதுவும் நிற்பதில்லை. என் புத்தகம் ஒவ்வொரு வண்டிக்கும் கை காட்டுகிறது. விழித்தால் வானத்தில் விமானப்படை விமானம் ஒன்று எங்கோ தேய்ந்துகொண்டிருக்கும்.

அந்த வருஷக் கார்த்திகை மழையில் ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்தது. காலையில் முழங்கால், மத்தியானம் இடுப்பு, சாயங்காலம் கழுத்து. கோவளம் பக்கத்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். பஸ்ஸே வராத எங்கள் தெருவுக்குள் படகு வந்தது. சார்ட்டு சார் வீட்டில் புத்தகங்கள் எல்லாம் அதற்குள் பரணுக்குப் போயிருந்தன. மூத்த குடிமக்களும் அன்றைக்கு மேல்தட்டு ஏறித்தான் தீர வேண்டியிருந்தது. அக்கா சான்றிதழ்களையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு ஏறினார். பின்னால் சார்ட்டு சார், தலைமேல் நோட்டு. அவருக்குப் பின்னால் நான்.

படகுக்காரர் துடுப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இன்னா சார், அல்லாரும் நகை, பத்திரம்னு தூக்கினு வராங்கோ. நீ இன்னா நோட்டு தூக்கினு வர்றே?"

"படிக்க வேண்டிய புக்கு லிஸ்ட்டு."

மின்கம்பங்கள், மாமரக் கிளை, யாரோ விட்டுப்போன ஒரு நீலக் குடம் எல்லாம் மெதுவாக எங்களைக் கடந்து போயின. பிறகு படகுக்காரர், "எம் பொண்ணுகூட ஒரு புக்கு படிச்சிட்டு சொல்லிகினே கீது சார். கடலாமையப் பத்தி. பேருதான் மறந்துபூட்டேன்" என்றார்.

சார்ட்டு சார் நடுவெள்ளத்தில் நோட்டைத் திறந்தார். புத்தகத்தின் பெயர் பிறகு வரட்டும், பொண்ணு பேர் சொன்னால் இடம் போட்டு வைக்கிறேன் என்று காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் படகு, தண்ணீருக்கடியில் இருந்த யார் வீட்டு மதில்சுவரிலோ முட்டியது. நோட்டு நீரில் விழுந்தது.

இருபத்தெட்டு வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்த முகத்தில் கண்ணாடியே இல்லாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். நோட்டு இரண்டு பக்கமும் விரிந்து மிதந்து, பெரிய வெள்ளைப் பறவைபோலக் கொஞ்ச தூரம் போய், முழுகியது. படகுக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டுக் குதித்தார். முங்கி எழுந்தபோது கையில் நோட்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"மீனு மாதிரி வழுக்குது சார் உன் லிஸ்ட்டு" என்றார்.

எங்களைத் தங்கவைத்த கல்யாண மண்டபத்தின் மாடியில் ஜெனரேட்டரில் ஒரு மின்விசிறி ஓடியது. மணமேடையில் நோட்டைக் கிடத்தி நானும் அக்காவும் பக்கம் பக்கமாகப் பிரித்தோம். பின்பக்கத்து நீல மை முழுக்கக் கரைந்து, இத்தனை வருஷம் படித்ததெல்லாம் ஒரே ஏரியாகிக் கிடந்தது. முன்பக்கத்துப் பென்சில் மட்டும் அசையவில்லை.

"படிச்சதெல்லாம் கரைஞ்சு போச்சு. படிக்காததுல ஒண்ணுகூட அழியல. என் தலையெழுத்தப் பாரு தம்பி" என்றார் அக்கா.

நான் என் எண்ணைத் தேடினேன். அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் தாள் பஞ்சாகியிருந்தது. என் புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், ஒரு வரி: 'படித்தாயிற்று. மூன்று தடவை. இறக்கிவிட வேண்டாம்.'

நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் சொல்லல?"

"கன்ஃபர்ம் ஆன ஆளு மறுபடியும் கவுண்டர் பக்கம் வந்து பாத்திருக்கீங்களா? என் சர்வீஸ்ல ஒருத்தர் வந்ததில்ல சார். வெயிட்டிங்ல இருக்கறவர்தான் வந்து வந்து கேப்பாரு."

எப்படி இருந்தது என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்டால் எங்கே இடம் உறுதியாகிவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டேன்.

இப்போது அவர்கள் மாடம்பாக்கத்தில், வெள்ளம் எட்டாத மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். கடலாமைப் புத்தகம் பெயர் தெரியாமலே இடம் பிடித்து வைத்திருக்கிறது. போன ஞாயிறும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். சார், நம்மது என்றேன். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் திருப்பினார்.

"முந்நூத்தி நாப்பது. கொஞ்சம் டைட்டாத்தான் போகுது. அடுத்த வாரம் வந்து பாருங்க சார்."

வருகிறேன் என்றேன்.