ஹவில்தார் வீட்டுக் கவாத்து

வீட்டுத் தோட்டத்தில் திராட்சை வளர்க்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. திராட்சை விவசாயியோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விவசாயிக்குப் பழம் வேண்டும். இவருக்கு ஒரு பந்தலும், அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்க ஓர் ஆளும் இருந்தால் போதும்.

கேம்பல் பே என்னும் தீவு ஊரில் இந்த இனத்தின் பிரதிநிதி ஹவில்தார் பன்னீர்செல்வம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, அப்பாவுக்கு ஒதுக்கிய குடியேற்ற மனைக்கே திரும்பி வந்தவர். மெயின்லேண்டுக்குப் போயிருந்தபோது கம்பத்தில் ஒரு பன்னீர் திராட்சைக் குச்சியை வாங்கி (பெயர்ப் பொருத்தம் தவிர வேறு பொருத்தம் எதையும் அவர் பார்க்கவில்லை), ஈரச் சாக்கில் சுற்றி, கப்பலில் மனைவியின் படுக்கையில் கிடத்திக் கொண்டுவந்து சேர்த்தார். மனைவி ரெங்கம்மா உட்கார்ந்துகொண்டே வந்தாள்.

மழைக்கு லீவு கிடையாத ஊர் அது. அந்த வீட்டில் வெயில் சரியாக விழுகிற இடம் கொல்லையில் ஒன்றே ஒன்று. அங்கே ரெங்கம்மாவின் துணிக்கொடி இருந்தது. திராட்சைக்கு வெயில் வேண்டாமா? துணிக்கொடி இறங்கியது, திராட்சைக்கொடி ஏறியது. கொடிக்குக் கொடி சரியாகப் போயிற்று என்றார் ஹவில்தார். அன்றிலிருந்து துணிகள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே காய்ந்தன. காய்ந்தன என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.

கொடி இலையாகத் தள்ளியது. காயா? அதைக் கேட்பவர்களுக்கு அவர் கவாத்து பற்றிச் சொல்வார். ராணுவத்தில் அணிவகுத்து நடப்பதும் கவாத்து, திராட்சையில் கிளையை ஒட்ட வெட்டுவதும் கவாத்து, கவாத்து இல்லாமல் இரண்டும் உருப்படாது என்று, வந்தவரின் தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை சொல்வார். வெட்டமாட்டார். ஒரு மாதம் அமாவாசை குறுக்கே நிற்கும், ஒரு மாதம் காற்று. எத்தனையோ இளைஞர்களின் தலைமுடியை ஒட்ட வெட்டவைத்த மனிதருக்கு ஓர் இலையைக் கிள்ள மனம் வரவில்லை.

“தளிர் விடுது பாருங்க. இப்பப் போயி எப்படி வெட்றது?”

சென்ற தை மாதம், தங்கை வீட்டு விசேஷத்துக்காக ரெங்கம்மா பட்டுச்சேலையை எடுத்தாள். கல்யாணத்துக்குக் கட்டிய சேலை. மடிப்பு மடிப்பாகப் பூசணம். அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால் கோபம் வந்தது. ஹவில்தார் கப்பல் வருவதைப் பார்க்க ஜெட்டிக்குப் போயிருந்தார். அரிவாளை எடுத்தவள், தரையில் வெயில் விழும்வரை வெட்டினாள். பிறகு கயிறு கட்டி, சேலையை விரித்துப் போட்டாள்.

திரும்பி வந்தவர் தரையில் கிடந்த தளிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“மூணு வருசமா கவாத்து கவாத்துன்னு சொன்னீங்க. ஆயிருச்சு” என்றாள் ரெங்கம்மா. “இனி இந்த தூப், இந்த வெயிலு, எனக்கு.”

அன்று அவர் சாப்பிடவில்லை. நான்கு மாதம் அவளுடைய துணிகள் வெயிலில் காய்ந்தன. அவள் பாடிக்கொண்டே துவைத்தாள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

அதற்குள் கொடி துளிர்த்து, பூத்து, ஒரே ஒரு குலை காய்த்தது. அவளுக்குத் தெரியாமல் போயிற்று: ஒட்ட வெட்டினால்தான் அந்தச் சனியன் காய்க்கும் என்று இத்தனை நாள் அவர் சொன்னதெல்லாம் உண்மை.

“டைம் பாத்துக் கவாத்து பண்ணணும், சார். முன்னப்பின்ன ஆயிடக் கூடாது” என்று இப்போது ஹவில்தார் வருகிறவர்களிடம் சொல்கிறார். அடுத்த விளைச்சலுக்காகப் பந்தலைச் சுவர்வரை நீட்டிவிட்டார். கயிறு கூடத்துக்கே திரும்பிவிட்டது. குருவி கொத்தாமலிருக்கக் குலையைச் சுற்றி ரெங்கம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கட்டியிருக்கிறார். அந்த வீட்டில் வெயிலில் காய்கிற துணி இன்றைக்கு அது ஒன்றுதான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடம் திராட்சை இல்லை. மீன்தொட்டியோ, புறாக்கூண்டோ, யாரும் தொடக்கூடாத புத்தக அலமாரியோதான் இருக்கிறது. சிரித்து முடித்ததும் எழுந்துபோய், உங்கள் வீட்டில் துணி எங்கே காய்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கே என்று யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால், ஹவில்தாருக்கு நீங்கள் சொந்தம்.