மிருதுளாவின் தேக்கு இலை அட்டவணை

ஒரு காட்டில், சிங்கம் இருந்ததா புலி இருந்ததா என்பதெல்லாம் நமக்கு வேண்டாம், ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது. வளைக்குள் இல்லை, வளைக்கு வெளியே. உள்ளே இருந்தவன் குற்றாலம் என்ற நரி. ஒரு மழைநாளில், “வால் மட்டும் நனையாம இருந்தா போதும்ணே” என்று கெஞ்சி வாலை உள்ளே வைத்தவன் அவன். வாலைத் தொடர்ந்து அவன் வந்தான், அவனைத் தொடர்ந்து மனைவி மக்கள் வந்தார்கள், கடைசியாக மச்சினனும் வந்து சேர்ந்தான். இடம் போதவில்லை என்று முள்ளம்பன்றிகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். முள் குத்துகிறதாம்.

வழக்குப் போடலாம் என்றால் அந்தக் காட்டில் வக்கீல்கள் எல்லாருமே நரிகள். அதிலும் பாதிப் பேர் குற்றாலத்துக்குச் சம்பந்தி வகை. ஆகவே முள்ளம்பன்றி சிங்காரம் தன் ஒரே மகள் மிருதுளாவைக் கூப்பிட்டார். முள்ளம்பன்றிக்கு மிருதுளா என்று பெயரா என்று யாரும் சிரிக்கக் கூடாது. பெற்றவர் தடவிப் பார்த்துத்தான் வைத்தார்.

“கண்ணு, நீ சட்டம் படி. நுழைவுத் தேர்வை மட்டும் தாண்டிடு. அடுத்த மழைக்குள்ள நாம நம்ம வளைக்குப் போயிடணும். உங்கம்மாவுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது.”

அம்மா இருமினாள். அதைக் கேட்ட மிருதுளா, அன்றைக்கே படிக்க உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் அவள் எதையும் முறையாகச் செய்கிற பெண். முறை என்றால் முதலில் அட்டவணை.

தேக்கு இலையை விரித்தாள். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தோய்த்துக் கட்டம் போட்டாள். காட்டுரிமைச் சட்டத்துக்கு ஊதா, பொது அறிவுக்கு மஞ்சள், தர்க்கத்துக்குச் சிவப்பு, ஓய்வுக்குப் பச்சை. போட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்ட மாதிரியே இருந்தது. அந்த நிம்மதியில் தூங்கிவிட்டாள்.

மறுநாள் அட்டமி. நல்ல காரியத்தை அட்டமியில் தொடங்கலாமா? அதற்கு மறுநாள் நவமி. சரி, தசமியன்று தொடங்கலாம் என்றால் ராகு காலம் வந்தது, அது போனால் எமகண்டம் வந்தது, இரண்டுக்கும் நடுவே கிடைத்த கொஞ்ச நேரத்தில் மரப்பொந்திலிருந்து பல்லி கத்தித் தொலைத்தது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் மிஞ்சியது. சாப்பிட்டாள்.

இன்னொரு கொள்கையும் அவளுக்கு உண்டு. அட்டவணையில் ஒரு கட்டம் தவறினாலும் அந்த இலையே செல்லாது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதெல்லாம் அரைகுறைகள் செய்கிற வேலை. ஆகவே ஒவ்வொரு முறையும் புது இலை, புதுச் சாறு, புது முள். திங்கட்கிழமையிலிருந்து கண்டிப்பாக.

பக்கத்துக் குட்டையில் தவமணி என்ற ஆமையும் அதே தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் அட்டவணை கிடையாது. தலை வெளியே வந்தால் படிப்பான், உள்ளே போனால் தூங்குவான்.

“நீ எந்தப் பாடத்துல இருக்கே?” என்று ஒருநாள் கேட்டான்.

“நான் இப்ப பச்சைக் கட்டத்துல இருக்கேன்,” என்றாள் மிருதுளா.

அப்பா கேட்டால் அதற்கும் பதில் தயார். “இன்னிக்கு விட்டதை நாளைக்குச் சேர்த்திருக்கேன்பா. நாளைக்கு உள்ளதை ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிட்டேன். ஞாயித்துக்கிழமை ஓய்வை ரத்து பண்ணியாச்சு. கணக்குப் பார்த்தா நான் கொஞ்சம் முன்னாடியே போயிட்டிருக்கேன்.” சிங்காரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மகள் முன்னால் போவதில் பெருமையாக இருந்தது. ஒருநாள் சொன்ன காரணத்தை அவள் மறுநாள் சொன்னதே கிடையாது.

தேர்வு நாள் வந்தது. எழுதி எழுதி மிருதுளாவின் முதுகு பாதி வழுக்கையாகியிருந்தது. ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மான், மந்தி, கீரி எல்லாம் நின்ற வரிசையில் நின்று உள்ளே போனாள். வினாத்தாளைப் பார்த்தாள். முதல் கேள்வி தெரியவில்லை. திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கமும் தெரியவில்லை. அம்மாவின் இருமல் காதிலேயே கேட்டது. பயத்தில் மிச்சமிருந்த முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ள, எழுந்து நின்றாள்.

“ஐயா, இந்தத் தேர்வைத் தள்ளி வைக்கணும்.”

மேற்பார்வைக்கு வந்திருந்தது ஓய்வுபெற்ற நீதிபதியான யானை. “காரணம்?” என்றது.

“இன்னிக்கு நவமி, ஐயா. அது போகட்டும். ஆந்தைக்குப் பகல்ல கண் தெரியாது, பகல்ல தேர்வு வைக்கிறது அதுக்குச் செய்யற அநீதி. அதையும் விடுங்க, நத்தை இன்னும் வந்து சேரலை. பாவம், போன வருஷத் தேர்வுக்குக் கிளம்பினவர்.”

மான் துள்ளி எழுந்தது. “நாங்கல்லாம் படிச்சிட்டு வந்திருக்கோம்!”

“படிச்சவங்களுக்கு இன்னும் ஒரு வாரம் கிடைச்சா இன்னும் நல்லாப் படிக்கலாமே,” என்றாள் மிருதுளா. மான் யோசித்துப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

யானைக்குக் கண் கலங்கியது. “எத்தனையோ வருஷம் மன்றத்துல உட்கார்ந்தவன் நான். வாய்தா கேக்கறதுல இப்படி ஒரு சுத்தத்தைப் பார்த்ததே இல்லை. சட்டத்தைப் புத்தகத்துல தேடிக்கலாம்மா. இது பிறவியிலேயே வரணும்.”

அந்த இடத்திலேயே அவளுக்குக் கல்லூரியில் இடம் கொடுத்தார்கள். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதிய தவமணியையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. மிருதுளாவுக்குக் குமாஸ்தாவாகப் போட்டார்கள். சட்டப் புத்தகம் சுமக்க அவனைவிட வசதியான முதுகு எங்கே கிடைக்கும்?

காட்டில் சட்டப் படிப்பு ஒரு கோடைக்காலம்தான். மழை மேகம் கூடுகிற நேரத்தில், புதிதாக முளைத்த முள்ளெல்லாம் கறுப்பு அங்கியைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்க, மிருதுளா மன்றம் ஏறினாள். முதல் வழக்கே சொந்த வளை. அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முள் வைத்த வக்கீல் வருகிறாள் என்று கேள்விப்பட்ட குற்றாலம் வெலவெலத்துப்போய் மூட்டை முடிச்சோடு வந்து நின்றான். “தப்புப் பண்ணிட்டேங்க. இன்னிக்கே காலி பண்ணிடறேன்.”

“உங்கள் தரப்பு என்ன சொல்கிறது?” என்று மிருதுளாவைக் கேட்டது நீதிபதிக் கரடி.

மிருதுளா எழுந்தாள். ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“வாய்தா வேண்டும், கனம் நீதிபதி அவர்களே.”

சொன்ன பிறகு அவளுக்கே அழுகை வந்தது. திருத்திச் சொல்வதற்குள் கரடி வழக்கை ஒத்திவைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

குற்றாலம் மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து அவள் காலைத் தொட்டான். “தாயி, இவ்வளவு நாளும் சொந்தக்காரங்களை நம்பி ஏமாந்துட்டேன். இனிமே என் கேஸ் எல்லாத்தையும் நீங்கதான் நடத்தணும்.” சொல்லிவிட்டு வளையைப் பார்த்து நடந்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. “அவன்தான் காலி பண்றேன்னு சொன்னானே, கண்ணு. அப்புறம் எதுக்கு?” என்றார் சிங்காரம். பக்கத்தில் அம்மா நனைந்துகொண்டே இருமினாள்.

மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தவமணியின் முதுகில் ஒரு புதுத் தேக்கு இலையை விரித்துக் கட்டம் போட ஆரம்பித்தாள்.

“திங்கட்கிழமையிலிருந்து பாருங்கப்பா,” என்றாள்.

நீதி: பிள்ளைகளே, பாடத்தைப் படித்தவர் ஒரு வழக்கில் ஜெயிப்பார். அட்டவணை மட்டும் போட்டவர் அதே வழக்கை வைத்துப் பேரன் பேத்தி எடுப்பார்.