என் தலைக்கு மேலே ஒரு கண்ணாடித் துண்டு

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இந்த வரி வரைக்கும் நான் நலம். அடுத்த வரிக்கு உத்தரவாதம் இல்லை. அக்காவும் குழந்தைகளும் சௌக்கியம்தானே?

விஷயம் எங்கள் பத்திரப்பதிவு அலுவலகக் கட்டடம் பற்றியது. அந்தக் காலத்தில் நீதிமன்றமாகக் கட்டினார்களாம். சுண்ணாம்புச் சுவர், யானை நுழைகிற உயரத்துக்கு வளைவுகள். பிறகு கருவூலம் வந்தது. திருடனுக்குப் பயந்து மாடியில் கருங்கல்லால் ஓர் அறை கட்டினார்கள். அப்புறம் நாங்கள் வந்தோம். ஜனங்கள் வரிசையில் நிற்க இடமில்லை என்று அந்த அறையைத் தாங்கிய சுவரையே இடித்துவிட்டோம். இப்போது மேலே கருங்கல், கீழே நான், நடுவில் ஒரே ஒரு வளைவு, அதிலும் விரிசல். பார்க்க வந்த இன்ஜினியர் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டு வைத்து ஒட்டி, "விரிசல் பெருசானா இது உடையும். உடைஞ்சா உடனே வெளியே ஓடிடுங்க" என்றார். "இப்பவே ஓடிட்டா என்ன சார்?" என்றேன். "இன்னும் உடையலையே!" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை அத்தான். ஒரு கண் பத்திரத்தில், ஒரு கண் கண்ணாடியில். பக்கத்து இருக்கை அம்மா தும்மினால்கூட மேசைக்கு அடியில் புகுந்துகொள்கிறேன். போன வாரம் 'டிக்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடி இரண்டாகப் பிளந்திருக்கிறது! செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினேன். "கண்ணாடி உடைந்துவிட்டது" என்று அதிகாரி அன்றே புகார் அனுப்பினார். அதிசயமாக மறுநாளே ஆள் வந்தது. வந்தவர் ஏணியில் ஏறி, விரல் கனத்துக்கு ஒரு கண்ணாடியை ஒட்டிவிட்டு இறங்கி, "இனிமே சுத்தியலால அடிச்சாக்கூட உடையாது சார்" என்றார் பெருமையாக. அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இனி நான் எதைப் பார்த்து ஓடுவது? ராத்திரி தூக்கத்திலும் மேலே பார்த்தபடிதான் படுத்திருக்கிறேனாம், உங்கள் தங்கச்சி சொல்லி அழுகிறாள். இதே துறையில் இருக்கும் நீங்கள்தான் யார் காலையாவது பிடித்து எனக்கு மாறுதல் வாங்கித் தர வேண்டும். எந்த ஊரானாலும் சரி, தகரக் கூரையாக இருந்தால் உத்தமம்.

அக்காவுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி. எல்லார் தலைக்கு மேலேயும் கூரை நிலைத்து நிற்கட்டும்.

ஒரு கண்ணை மேலேயே வைத்தபடி,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போதே மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. உங்கள் ஊருக்கே, உங்கள் நாற்காலிக்கே! என் நாற்காலிக்கு வருவது நீங்கள்தானாம். மேலே எழுதியதெல்லாம் என் மனப்பிரமை அத்தான். கட்டடம் அசைக்க முடியாத உறுதி, தைரியமாக வாருங்கள். அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். வரும்போது மறக்காமல் ஹெல்மெட் எடுத்து வாருங்கள், ஆபீசுக்குள் வெயில் கொஞ்சம் அதிகம்.