என் அமாவாசை, ஊரின் தேநீர்

இந்த அமாவாசையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஐம்பத்து நான்கு வயதுக்குள் ஒரு மனிதன் ஒரு முடிவாவது எடுக்க வேண்டாமா?

ஹான்லே என்ற எங்கள் மலை ஊரில், என் வீட்டில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. என்னுடையது இல்லை. வானத்தைக் காட்டும் பயிற்சிக்குப் போனவள் என் மனைவி யாங்டோல், அரசாங்கம் அதைக் கொடுத்ததும் அவளிடம்தான். கோடை முழுக்க எங்கள் வீட்டில் தங்க வரும் விருந்தினர்கள் சனிக்கிரகத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அவள் விளக்குவாள். நான் தூக்குவேன், துடைப்பேன், மூடுவேன். பார்ப்பது மட்டும் என் வேலையில் சேராது.

எனக்குச் சனி வேண்டாம். ஒரு மங்கலான விண்மீன் மண்டலம் இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பி ஊசி மாதிரி ஒரு கீற்று. பின்னால் வரிசை நிற்காமல், நெடுநேரம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். என் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அடுத்த வருடம் தெரியுமா? பனி இறங்குவதற்குள் இதுதான் கடைசி அமாவாசை. விருந்தினரும் யாருமில்லை.

இரவில் மேட்டுக்குத் தொலைநோக்கியைக் கொண்டுபோய் அதன் கண்ணாடியைச் சரிபார்க்கப் போவதாக யாங்டோலிடம் சொன்னேன். தாராளமாகப் போங்கள் என்றாள். அவள் தாராளமாக இருந்தால் நான் பயப்பட வேண்டும். மறந்துவிட்டேன்.

அடுத்தது வெளிச்சம். ஒரு வெள்ளை பல்பு போதும், கீற்று போய்விடும். வீடு வீடாகப் போய், இருட்டியதும் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு உர்கியான் யோசித்தான்.

"விளக்கு கிடையாது, டிவி கிடையாது. நாங்க என்ன அண்ணே பண்றது?"

"தூங்குங்க."

"ஏழு மணிக்கா?"

அவனுக்கு ஒரு சொற்பொழிவே நடத்தினேன். அடுப்பு வெளிச்சம் பட்டால்கூடக் கண் அரைமணி நேரம் குருடு, அந்தக் கண்ணோடு தொலைநோக்கி அருகே வரவே கூடாது என்றேன். ஒருவன் பார்க்க ஒரு ஊரே இருட்டில் கிடப்பது நியாயமா என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் வருவதற்குள் வீடு வந்துவிட்டது.

யாங்டோல் கல்யாணத்துக்கு எடுக்கும் பெரிய பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், எங்கள் ஊர்த் தேநீரில் கலக்க ஒரு பெரிய வெண்ணெய் உருண்டை.

"யாருக்கு இவ்வளவு தேநீர்?"

"ஊருக்கு. விளக்க அணைச்சிட்டு சும்மா உக்காந்து என்ன பண்ணுவாங்க, பாவம்? நம்ம முற்றத்துக்கு வரச் சொல்லிட்டேன். சனியில ஆரம்பிக்கலாம்."

"நான் கண்ணாடிய..."

"கண்ணாடியச் சரிபார்க்க ஊர் விளக்கை எதுக்கு அணைக்கணும்னு நானும் யோசிச்சேன்."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அடுப்படியில் இருக்க வேண்டுமாம், தேநீர் ஆறக்கூடாதாம். கொதித்ததும் வந்துவிடுகிறேன் என்றேன்.

"அடுப்பு வெளிச்சம் பட்ட கண்ணோட கிட்ட வரவே கூடாதாமே? உர்கியான் பொண்டாட்டி சொன்னா. நீங்க போட்ட சட்டத்த நான் மீறலாமா?"

வேறு வழியின்றி உண்மையைச் சொன்னேன். அந்தக் கீற்றைப் பற்றி, என் கண்ணைப் பற்றி. முப்பது வருடக் குடித்தனத்தில் இவ்வளவு நேரம் நான் தடையின்றிப் பேசியது அன்றுதான். அவள் வெண்ணெயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எனக்கு நம்பிக்கை பிறந்தது.

"அந்த வெளிச்சம் மூணு கோடி வருஷமா வந்துக்கிட்டிருக்கு," என்றாள். "நீங்க பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் காத்திருக்காதா?"