பிளக்-இன்னுக்குப் போட்ட பிள்ளையார் சுழி

கம்ப்யூட்டர்காரர்களுக்குச் சாமி பக்தி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்களைப் போலப் பயந்த பக்தர்கள் கோயிலில்கூடக் கிடைக்க மாட்டார்கள். நேற்று ஓடிய புரோகிராம் இன்று ஏன் ஓடவில்லை என்று தெரியாது. நாளைக்கு ஓடினால் அது ஏன் என்றும் தெரியாது. இப்படி ஒரு பிழைப்பில் பக்தி வராமல் வேறென்ன வரும்? நான் அதில் கொஞ்சம் அதிகப்படி. ஒரு மென்பொருளை ஓட வைக்க ஒரு வாரம் பிள்ளையாரைக் கூப்பிட்டு, கூப்பிட்ட காரணத்தாலேயே அது ஓடாமல் போன ஒரே ஆள் அநேகமாக நான்தான்.

இரண்டாயிரங்களின் கடைசி. இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பொழிச்சலூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். (சும்மா இல்லை, தமிழில் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவின் அகராதியில் இரண்டும் ஒன்று.) கல்லூரியிலேயே வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி, உலக நிலவரம் சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டு மௌன விரதத்துக்குப் போய்விட்டது. அப்பா அரசு அலுவலகத்தில் இருந்தார். அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினமும் பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி மடித்து, என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அப்போதுதான் கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு சின்னக் கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. பால் கடைக்கு மேலே முதல் மாடி. தண்ணீர் கேன் போடுகிறவர்களுக்கும் மளிகைக் கடைகளுக்கும் மென்பொருள் செய்து தருகிற இடம். நடத்தியவர் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் மேடம்தான்.

"பைதான் தெரியுமா?" என்று கேட்டார்.

"நல்லா தெரியும் மேடம்." (புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயம் வரை தெரியும்.)

"சரி. தண்ணி கேன் ஆர்டரை தெருவாரியா பிரிச்சுக் காட்டுற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதிட்டு வாங்க. நாங்க எல்லாரும் ஒரே எடிட்டர்லதான் வேலை செய்றோம். அதுல பைதானுக்குன்னு ஒரு பிளக்-இன் போடணும். நீங்களே செட் பண்ணி, அதுலயே ஓட்டிக் காட்டுங்க. இங்க எக்ஸ்ட்ரா மெஷின் கிடையாது, உங்க சிபியூவைத் தூக்கிட்டு வந்துடுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு. ஓடிச்சுன்னா திங்கட்கிழமையே சேந்துடலாம்."

தெரியாதவர்களுக்கு: பைதான் என்பது ஒரு கம்ப்யூட்டர் மொழி. எடிட்டர் என்பது புரோகிராமை எழுதுகிற இடம். பிளக்-இன் என்பது அந்த எடிட்டருக்கும் பைதானுக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்துகிற தரகர். தரகர் சரியில்லை என்றால் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமே நடக்காது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அப்பா முகம் மலர்ந்து, உடனே வாடியது.

"வெள்ளிக்கிழமை பத்தரையா? ராகு காலம் ஆரம்பிக்கிறதே அப்பதாண்டா!"

"நேரத்தை எல்லாம் நான் மாத்தச் சொல்ல முடியாதுப்பா."

"சரி, முடிக்கிற நேரம்தான் நம்ம கையில இல்ல. ஆரம்பிக்கிறதையாவது ஒழுங்கா ஆரம்பி. பிள்ளையார் சுழி போட்டுட்டு ஆரம்பி."

எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டின் தலையில்கூட 'உ' இருக்கும். கம்ப்யூட்டரில் அதை எங்கே போடுவது? மற்ற பிள்ளைகளாக இருந்தால் மானிட்டரில் கொஞ்சம் மஞ்சள் தடவிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நான்தான் தொழில்நுட்பம் தெரிந்தவன் ஆயிற்றே! வலைப்பதிவுக்காகத் தமிழில் தட்டச்சு செய்கிற மென்பொருள் போட்டு வைத்திருந்தேன். புதிதாக ஒரு போல்டர் திறந்து, அதன் பெயரின் முதல் எழுத்தாக 'உ' என்று தமிழிலேயே அடித்து, எடிட்டரையும் பிளக்-இன்னையும் அதற்குள் நிறுவினேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிளக்-இன் ஓடவில்லை.

பைதான் எங்கே இருக்கிறது என்று அது கேட்டது. இதோ இருக்கிறது என்று காட்டினேன். அப்படி ஒன்றும் இல்லையே என்றது. கண்ணெதிரே நிற்கிறவனைப் பார்த்து யார் நீ என்று கேட்கிற சொந்தக்காரர் மாதிரி, திரும்பத் திரும்ப அதையே சொன்னது. அத்தோடு சிவப்பு எழுத்தில் நீளமாக ஒரு பிழைச் செய்தி வேறு. அதன் நடுவில் ஓர் இடத்தில் ஒரு சின்னக் கட்டம் தெரிந்தது. கட்டம்தானே என்று விட்டுவிட்டேன். (இந்த வரியை எழுதும்போது என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.)

எல்லாவற்றையும் அழித்தேன். நல்ல நேரம் பார்த்து, மறுபடி 'உ' போட்டு மறுபடி நிறுவினேன். ஓடவில்லை. பம்மலில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் வேறு பதிப்பைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தேன். அதுவும் ஓடவில்லை. அம்மா சிபியூவுக்கு விபூதி பூசினாள். அப்பா திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் போட்டிருக்க. வேலை செய்ற எல்லா இடத்துலயும் போடு" என்றார். அதற்குள்ளிருந்த எடிட்டரின் போல்டருக்கு ஒரு 'உ', புரோகிராமை வைக்கிற போல்டருக்கு ஒரு 'உ' என்று காவலைப் பலப்படுத்தினேன். அதற்கப்புறம் எடிட்டரே திறக்க யோசித்தது.

கடைசியில் இணையத்தில் ஒரு மன்றத்தில் போய் ஆங்கிலத்தில் அழுதேன். யாரோ ஒரு புண்ணியவான், எந்த நாடோ தெரியாது, அன்றே பதில் போட்டார். "எந்தப் போல்டரில் நிறுவியிருக்கிறீர்கள்? முழுப் பாதையையும் அப்படியே எழுதுங்கள்" என்றார். எவ்வளவு சரியான கேள்வி! நான் என்ன செய்தேன் தெரியுமா? பாவம், வெளிநாட்டுக்காரருக்கு இதெல்லாம் புரியாதே என்று இரக்கப்பட்டு, அந்த 'உ'வை மட்டும் விட்டுவிட்டு மீதியை எழுதி அனுப்பினேன். அந்த மனிதர் எனக்காக எத்தனை யோசனை சொன்னார்! அத்தனையும் அருமையான யோசனைகள், இல்லாத ஒரு போல்டருக்கு. அவருக்கு இன்றும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

தரகர் மசியாவிட்டாலும் கல்யாணத் தேதி வந்துகொண்டிருந்ததே! அதனால் தண்ணீர் கேன் புரோகிராமை வெறும் நோட்பேடில் எழுதி, தரகர் இல்லாமல் பைதானிடம் நேரே பேசுகிற கறுப்புத் திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ரஃப்' என்று பெயர் வைத்த ஒரு போல்டரில். அது அங்கே நன்றாகவே ஓடியது. ரஃப் வேலைக்கு யாராவது பிள்ளையார் சுழி போடுவார்களா? நானும் போடவில்லை. இதை வைத்தாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. என் கல்லூரி நண்பன் நசீர், பல்லாவரத்தில் அவன் அண்ணனோடு சேர்ந்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை பார்த்துக்கொண்டிருந்தான். கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரோடு வாசலில் வந்து நின்றான்.

"ஏறு மச்சான். ஜும்மாவுக்கு முன்னாடி முடிச்சுடுவல்ல?"

"முடிஞ்சிடும்டா. ஓடலைன்னா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

சிபியூவை அம்மாவின் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை. பழைய ஃபேன், பழைய டிவி, பழைய கம்ப்யூட்டர் எல்லாம் ரோட்டிலேயே கடை விரித்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஸ்கூட்டர் நின்றதும் புடவை விலகி, சிபியூ வெளியே தலைகாட்டியது. ஓர் ஆள் நேராக வந்து அதைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணா, ஓடுதா, இல்ல பார்ட்ஸுக்கா?"

"இது விக்கிறதுக்கு இல்லைங்க."

"அப்பால எதுக்கு சந்தைக்கு தூக்கினு வந்துகீற? சும்மா சொல்லுண்ணா, ஓடாதுதானே?"

நான் புடவையை இழுத்து சிபியூவை மூடினேன். நசீர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் வண்டி ஆடியது.

சரியாகப் பத்தரைக்கு மேடத்தின் அறையில் சிபியூவை மானிட்டரோடு இணைத்தோம். ஆபீஸில் இருந்த நாலைந்து பேரும் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள். எடிட்டரைத் திறந்தேன். பைதானைக் காணோம் என்று பிளக்-இன் பழைய பாட்டைப் பாடியது. இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் மடித்து வைத்த பேப்பர் கண்முன்னால் வந்து நின்றது. அந்த வேலைவாய்ப்புப் பக்கம் நாளைக்கும் மேலேதான் இருக்கும்.

மேடம் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பு எழுத்தை நிதானமாக ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இங்க என்ன இருக்கு? இந்த எழுத்தை இதால படிக்க முடியல. அங்கயே நின்னுடுது."

"அது... வந்து... சுழி மேடம்."

"என்ன சுழி?"

"பிள்ளையார் சுழி."

சிரிப்பு கிளம்பிய வேகத்தில் கீழே பால் கடைக்காரர் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். போல்டர் பெயர் ஆங்கில எழுத்தாகவோ எண்ணாகவோ இருந்தால்தான் அந்தப் பிளக்-இன் தாங்குமாம். தமிழ் எழுத்தைப் பார்த்தால் வழி தெரியாமல் நின்றுவிடுமாம்.

வாசலில் நின்ற நசீர் மெதுவாகச் சொன்னான். "எங்க வீட்டுல எதை ஆரம்பிச்சாலும் 786 போடுவாங்க மேடம். வெறும் நம்பர். இவன் என்னைக் கேட்டிருந்தா அதைப் போடச் சொல்லியிருப்பேன், அப்பவே ஓடியிருக்கும்."

இரண்டாம் ரவுண்டு சிரிப்பு. மேடம் மவுஸைப் பிடித்தவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். "சுழியை நான் அழிக்க மாட்டேம்ப்பா. நீங்களே எடுத்துடுங்க." யாரோ பின்னாலிருந்து, "மன்னிப்பு கேட்டுட்டு எடுங்க" என்றார்கள். கேட்டுவிட்டு எடுத்தேன். எல்லாவற்றையும் வெறும் ஆங்கிலப் பெயரில் புதிதாக நிறுவினேன். பிளக்-இன் பைதானை உடனே அடையாளம் கண்டுகொண்டது. ராகு காலத்தின் நட்டநடுவில், கோவிலம்பாக்கத்தின் தெருக்கள் எல்லாம் தண்ணீர் கேன்களோடு வரிசையாகத் திரையில் வந்து நின்றன.

"பிளக்-இன் இல்லாம இதை எதுல எழுதினீங்க?" என்றார் மேடம்.

"நோட்பேட்ல மேடம்" என்றேன், அவமானத்தோடு.

"ஒரு வாரமா ஓடாத ஒண்ணைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கீங்க. நடுவுல வேலையையும் முடிச்சிருக்கீங்க. இங்க வேலையே அதுதான். திங்கட்கிழமை வந்துடுங்க."

நசீர் ஜும்மாவுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தான். நான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் வேலை கிடைத்ததைச் சொல்லிவிட்டு, சுழி விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அப்போ கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியலைன்னு சொல்லு. அதுக்குப் பிள்ளையார் என்னடா பண்ணுவார்?" என்றார் அப்பா.

வேடிக்கை என்னவென்றால், மேடமும் அதையேதான் சொன்னார். எங்கள் மென்பொருளில் தெருப் பெயரும் ஆள் பெயரும் தமிழிலேயே வர வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். "இதோட வலி உங்களுக்குத்தான் தெரியும்" என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். இத்தனை வருடங்களாக நான் சாப்பிடுகிற சோறு அதில்தான் வருகிறது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் படிக்கச் சொல்லித்தருவது. அன்று அந்தப் பிளக்-இன் முதல் தடவையே ஓடியிருந்தால் எனக்கு இந்தப் பிழைப்பு அமைந்திருக்காது. அதற்காக அந்தச் சின்னக் கட்டத்துக்கும், பொறுமையாக அதன் மேல் விரல் வைத்த மேடத்துக்கும் நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லி முடியாது.

அப்பா வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும், என் பையனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது பிள்ளையார்தான் என்று சொல்வார். நசீர் பக்கத்தில் இருந்தால், "வாங்கிக் கொடுத்தது அவராவே இருக்கட்டும் அங்கிள், வண்டி ஓட்டினது நான்" என்பான். நியாயம்தானே! அதனால் பிள்ளையார் சதுர்த்தி அன்று அம்மா முதல் ஈடு கொழுக்கட்டையை இறக்கியதும், படைப்பதற்கு முன்னாலேயே ஒரு டப்பாவில் தனியாக எடுத்துவைத்துவிடுவாள். படைத்ததைச் சாப்பிட நசீருக்குச் சங்கடம் இருக்கக் கூடாதே என்று. அது சூடாகப் பல்லாவரம் போய்ச் சேரும் வரை வீட்டில் பூஜை ஆரம்பிக்காது. அப்பா ஒவ்வொரு வருடமும் மணியைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையாரிடம் சொல்வார்: "கொஞ்சம் பொறுத்துக்கோப்பா. வண்டி ஓட்டினவன் இன்னும் சாப்பிடல."