முதுகுப் பக்கம் ஜிப்

வருகிற குளிர்காலம் முழுக்க மனைவியைச் சனிக்கிழமைகளில் வீட்டோடு வைத்துக்கொள்வது என்று மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் முடிவு செய்தார். முடிவு செய்த இடம் குளியலறை. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. பெரிய முடிவுகளையெல்லாம் அவர் அங்கேதான் எடுப்பார். தலையைத் துவட்டும்போதே பாதி முடிவு துண்டோடு போய்விடும். இது மட்டும் போகவில்லை.

காரணம் இருந்தது. மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபிறகு வீட்டில் மிச்சம் இரண்டு பேர். அந்த இரண்டில் ஒரு பேர், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவர் மனைவி, ஏழு மாதத்துக்கு முன், தண்ணீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். ஊருக்கு வெளியே, மலைமேல், தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் பழைய கல்குவாரி. சனிக்கிழமை விடிந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம்தான் ஈரத்தலையோடு வருவாள்.

"அப்படி அடியில என்னதான் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒரு பழைய லாரி இருக்கு."

"லாரி பாக்கவா அவ்வளவு தூரம் போற? நம்ம தெருவுலயே நாலு நிக்குதே."

"அதெல்லாம் ஹாரன் அடிக்குதுங்க."

சனிக்கிழமை கடைக்கு வார விடுமுறை. வீட்டில் அவரோடு பேச மிச்சமிருப்பது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். "உம்ம்ம்ம்" என்று பத்து நிமிடம் பேசும். பிறகு "டக்" என்று நிறுத்தும். இப்போது நீ சொல்லு என்று காத்திருப்பது போலவே இருக்கும். ஒரு சனிக்கிழமை அவர் நிஜமாகவே சொல்லிவிட்டார். "ஆமா, மழை வரும்போலதான் இருக்கு" என்றார். இன்னொரு சனிக்கிழமை பழக்கதோஷத்தில் காப்பியை இரண்டு கோப்பையில் ஊற்றிவிட்டார். தன்னுடையதைச் சூடாகக் குடித்தார். அவளுடையதை ஆறியபின் குடித்தார்.

"நீ இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்கு." ஐந்தே சொல். இதைச் சொல்லியிருந்தால் விவகாரம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் இருபத்துமூன்று வருடக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து அந்த மாதிரி வாக்கியம் ஒன்றுகூட வந்ததில்லை. புதிதாக ஆரம்பிக்கக் கூச்சமாக இருந்தது. சதி செய்வது அதைவிடச் சுலபம்.

சதிக்கு அவளே வழி காட்டினாள்.

"ஏங்க, இன்னும் ரெண்டு மாசத்துல தண்ணி பன்னிரண்டு டிகிரிக்குக் கீழ போயிடுமாம். அப்புறம் இப்ப போட்டுக்கற நீச்சல் சூட்டோட எறங்கவே கூடாதுன்னு சங்கத்து மாஸ்டர் சொல்லிட்டார்."

"அடடா," என்றார் அவர். முகத்தைத் தொங்கப்போட மிகவும் பாடுபட வேண்டியிருந்தது. "அப்ப வீட்டுலதானா?"

"டிரைசூட் வாங்கணும். அதுல கழுத்துக்குக் கீழ ஒரு சொட்டுத் தண்ணி போகாது."

"வெலை ரொம்ப இருக்குமே."

"இருக்கும். அதான் நீங்க பாத்து எடுங்க. போடற காசுக்கு உழைக்கணும். உங்கள மாதிரி அலசி எடுக்க யாரால முடியும்?"

உண்மைதான். போன தடவை ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்க அவர் ஏழு வாரம் அலசினார். அதற்குள் குடும்பமே கசங்கிய உடையில் இரண்டு கல்யாணம் பார்த்துவிட்டு வந்தது. இஸ்திரிப் பெட்டிக்கே ஏழு வாரம் என்றால் டிரைசூட்டுக்கு? மனசுக்குள் கணக்குப் போட்டார். வெயில் வந்துவிடும்.

"அவசரப்படக் கூடாது," என்றார் கம்பீரமாக.

"படவே வேணாம். நிதானமா பாருங்க. அதுவரைக்கும் நான் சனிக்கிழமைல நீச்சல்குளத்துக்குப் போயிட்டு வரேன். டிரைசூட்டுக்குன்னு தனிப் பயிற்சி இருக்காம். சங்கத்து சூட்டையே தருவாங்க."

குளியலறை முடிவில் நீச்சல்குளம் இல்லை.

ஆக, அந்தச் சனிக்கிழமையும் அவரும் ஃபிரிட்ஜும்தான். இந்தத் தடவை நடுவில் ஒரு நீள நோட்டு. ரப்பர் மாதிரி தடித்த சூட் ஒரு பக்கம். தானே சூடு தரும், ஆனால் உலர்த்த ஒரு யுகம் ஆகும். மூன்றடுக்குத் துணி சூட் இன்னொரு பக்கம். லேசானது, கிழிந்தால் ஒட்டலாம், ஆனால் உள்ளே தனியாகக் கம்பளி உடை வேண்டும். கண்ணுக்கு லென்ஸ் மாற்றி மாற்றிக் காட்டுவது போல மனைவிக்குக் காட்டினார்.

"இது சரியா இருக்கா, அது சரியா இருக்கா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது."

"நல்லாப் பாரு. இது... இல்ல அது?"

"நீங்க சொன்னா சரி."

எதற்கும் தலையாட்டினாள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் தினமும் ஒரு கேள்வி கேட்டாள்.

"நெஞ்சுல ஒரு வால்வ், இடது கையில ஒரு வால்வ். எதுக்குங்க ரெண்டு?"

"நெஞ்சுல இருக்கறது காத்த உள்ள விட. கையில இருக்கறது வெளிய விட. காத்து கால் பக்கம் போயிட்டா தலைகீழா மேல கிளம்பிடுவ."

"அப்படி ஒருத்தர் வந்தா கரையில இருக்கறவங்க என்ன செய்யணும்?"

அவர் சொன்னார். ஜிப்புக்கு மெழுகு தேய்ப்பது பற்றிக் கேட்டாள், சொன்னார். தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் கழுத்துப் பட்டை இறுக்கினால் விளிம்பில் எத்தனை வளையம் வெட்ட வேண்டும் என்று கேட்டாள். கத்தரியோடு எழுந்து நின்று சொன்னார். பயந்துவிட்டாள், அதனால்தான் இத்தனை கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். நல்ல சகுனம்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று ஒருநாள் அவரையே பார்த்துக் கேட்டாள்.

அந்த ஐந்து சொல்லும் தொண்டை வரைக்கும் வந்தன.

"கம்பளி உடைய ஒரு அளவு பெருசா எடுக்கணும்," என்றார்.

"ம்," என்றாள் அவள்.

எட்டாவது வாரம் சொன்னாள்: "போட்டுப் பாக்காம எதுவும் தெரியாதுன்னு சூட் கடைக்காரர் சொன்னாராம். நீங்களும் நானும் ஒரே உயரம்தானே. ஒரு நடை போய்ப் போட்டுப் பாருங்களேன்."

ஒரு நடை போனால் ஒரு வாரம் தள்ளிப்போடலாம். போனார்.

சூட் விற்கிற கடைக்காரருக்கு வார்த்தைகளுக்கு நடுவே மூச்சுவிடும் பழக்கம் கிடையாது. "சார் வாங்க சார் இது மூணடுக்கு சார் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம் சார் காலை விடுங்க சார் கையை விடுங்க சார் இப்ப தலை சார்." கழுத்துப் பட்டைக்குள் தலை நுழைவதற்குள் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தன் பிறந்தநாள் மறந்துவிட்டது. காது இரண்டும் மடிந்து உள்ளே போய், ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பின்னால் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை "சர்ர்ர்ர்" என்று ஜிப் ஏறியது. "உக்காந்து எழுந்து பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு, மணி அடித்த டெலிபோனை நோக்கி ஓடினார் கடைக்காரர்.

உட்கார்ந்தார். எழுந்தார். கழற்றலாம் என்று கையைப் பின்னால் கொண்டுபோனார். எட்டவில்லை. கீழ்வழியாகக் கொண்டுபோனார். எட்டவில்லை. சுவரில் தேய்த்துப் பார்த்தார். மாடு மாதிரி இருக்கிறது என்று கண்ணாடி சொன்னது, நிறுத்தினார். முப்பத்தைந்து நிமிடம் அந்தச் சின்ன அறையில் ஸ்டூல் மேல் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் தோன்றியது. உலகத்தில் சட்டையைத் தனியாகப் போடலாம், செருப்பைத் தனியாகப் போடலாம், காப்பியைத் தனியாக இரண்டு கோப்பை குடிக்கலாம். இதை மட்டும் தனியாகப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. ஒரு ஆள் போதாது என்று ஒப்புக்கொள்ளும் ஒரே துணி இதுதான். அவருக்கு அந்த சூட்டின் மேல் பிரியமே வந்துவிட்டது.

"முன்பக்கம் ஜிப் வெச்சதும் இருக்கு சார் அவங்களே போட்டுக்கலாம் சார்," என்றார் திரும்பி வந்த கடைக்காரர்.

"வேண்டாம்," என்றார் இவர். "இதுதான்."

சதி மாறிவிட்டது. வீட்டோடு வைக்க முடியாவிட்டால் கூடவே போவது.

"முதுகுப் பக்கம் ஜிப்," என்று மனைவியிடம் நோட்டை விரித்தார். "விலை குறைவு. ஜிப் நேரா போகுது, மடங்காது, ரொம்ப நாள் உழைக்கும். ஒரே ஒரு சங்கடம். போட்டுவிட ஒரு ஆள் வேணும்."

"அய்யய்யோ. ஆளுக்கு எங்க போறது?"

"நான் வேணா வரேன்," என்றார், அப்போதுதான் தோன்றியது போல.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"பரவால்ல, பரவால்ல."

முதல் சனிக்கிழமை. குவாரிக்குக் காரில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் பேச அவர் ஒன்பது விஷயம் எடுத்து வைத்திருந்தார். முதல் விஷயத்தில் "அன்னிக்கு நம்ம..." என்று ஆரம்பிப்பதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

கரையில் பனி. காதில் தண்ணீர் போய்ப் போய் உரக்கப் பேசியே பழகிய மாஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டே எதிர்க்கரைக்குக் கூப்பிடுவது போல வரவேற்றார். "வாங்க சார், உங்களுக்காகத்தான் சங்கமே காத்திருக்கு."

மனைவி முதுகைக் காட்டி நின்றாள். இருபத்துமூன்று வருடத்தில் அந்த முதுகை இவ்வளவு கவனமாக அவர் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லும் அதே குரலில் அவளே சொன்னாள்: "மூச்ச இழுத்துட்டேன்... பிடிச்சிருக்கேன்... இழுங்க." இழுத்தார். சர்ர்ர்ர். மனசு நிறைந்தது. ஜிப்பின் நுனியை இன்னொரு தடவை தேவையில்லாமல் தொட்டுப் பார்த்தார்.

"சார், எனக்கும்," என்றது பின்னால் ஒரு குரல்.

திரும்பினார். மாஸ்டரையும் சேர்த்து வரிசையாக ஏழு முதுகு. ஏழிலும் அதே சூட். ஏழிலும் திறந்து கிடக்கும் ஜிப்.

"உங்க நோட்டப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்," என்றாள் மனைவி. "அவ்வளவு நல்லா எழுதியிருந்தீங்க."

எட்டு ஜிப் ஏற்றினார். விரல் மரத்துவிட்டது. மாஸ்டர் அவர் கையில் ஒரு ஃபிளாஸ்க்கும் ஒரு விசிலும் ஒரு தடித்த பதிவேடும் கொடுத்தார். "கரை ஆள் இல்லாம குளிர்காலத்துல யாரும் எறங்கக் கூடாது சார். அந்த ஆளுக்கு இந்த சூட்டோட வால்வ், ஜிப், பட்டை எல்லாம் அத்துபடியா இருக்கணும். மூணு வருஷமா தேடறோம், யாரும் சிக்கல."

"நான் ஜிப் போட மட்டும்தான்..."

"என்ன?" என்று காதைக் காட்டினார் மாஸ்டர். பிறகு காதையும் சேர்த்துத் தண்ணீருக்குள் கொண்டுபோய்விட்டார்.

எட்டுத் தலையும் மறைந்தன. தண்ணீர் மூடிக்கொண்டது. அவர் கல்லின் மேல் உட்கார்ந்தார். இங்கே ஃபிரிட்ஜ்கூட இல்லை. தூரத்தில் குமிழிகள் மட்டும் "பிளக், பிளக்" என்று வந்தன. எட்டுக் கொத்தில் எது அவளுடையது என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். லேசாக இடப்பக்கம் ஒதுங்கி வருவது அவளுடையதாக இருக்கலாம். "நீ இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்கு," என்று அதனிடம் சொன்னார். கூச்சமே இல்லை. நன்றாகத்தான் வந்தது. பிளக், என்றது அது.

நேரம் போகப் பதிவேட்டைப் பிரித்தார். 'கரை ஆள்' என்ற கட்டத்தில், வெயில் வரும் வரைக்குமான அத்தனை சனிக்கிழமைக்கும் நேராக 'என் வீட்டுக்காரர்' என்று எழுதியிருந்தது. மனைவியின் கையெழுத்து. கீழே போட்டிருந்த தேதி, டிரைசூட்டைப் பார்த்து எடுங்கள் என்று அவள் முதன்முதலில் சொன்னாளே, அதற்கு முந்தின நாள். பக்கத்துக் கட்டத்தின் தலைப்பு 'முன் அனுபவம்'. அதையும் அவள்தான் நிரப்பியிருந்தாள்:

"சனிக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து ஏழு மாதப் பழக்கம் உண்டு."